ஈரம் காயாத உத்தரம்

சம்பங்கி தன் மச்சான் சின்னசாமிக்கு இருபது ரூபாய் கடன்பட்டிருந்தான். குடியாத்தத்திலிருந்து பெண்டாட்டி ரத்தினம்மாவோடு கோலார் தங்கவயலுக்கு வந்து, உளியும் சம்மட்டியும் வாங்கி, குடிசை போட்டதெல்லாம் அந்தப் பணத்தில்தான். வைகுண்ட ஏகாதசிக்குள் தராவிட்டால் மச்சானோடு சுரங்க ஷாஃப்டில் இறங்கி, கூலியில் கழிக்க வேண்டும் என்பது பேச்சு. ஆட்களை ஆழத்துக்கு இறக்கும் இரும்புக் கூண்டான கேஜைக் கண்டாலே சம்பங்கி ஒதுங்கிப் போய்விடுவான். மற்றபடி அவன் எதற்கும் பயந்தவனல்ல. கல் வேலையில் அன்றைக்குத் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் அவனுக்கு ஈடு கிடையாது. சந்தேகப்படுகிறவன் குன்றின்மேல் இருக்கும் பெருமாள் கோயிலுக்குப் போய் முன்மண்டபத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வரட்டும்.

ராஜாக்கள் காலத்து மண்டபம் அது. கூரையில் முளைத்த அரசமரத்தின் வேர் புகுந்து, தூண்களின்மேல் கிடந்த உத்தரத்தை இரண்டாக்கிவிட்டது. தர்மகர்த்தா கோவிந்தன் சம்பங்கியைக் கூப்பிட்டார்.

"இந்தாப்பா, தூண்ல ஒரு கீறல் விழக் கூடாது. ஏகாதசிக்கு சாமி இதுக்குக் கீழே வரணும். கல்லு ஏறின அன்னிக்கே முப்பது ரூபா."

நல்ல பாறையைத் தேடிப் பிளந்து வண்டியில் கொண்டுவர நாளாகும், செலவுமாகும். அப்போது ரயில் பாதைக்காக வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். வெடித்த பள்ளத்தில் நீளமாக ஒரு கல் சும்மா கிடப்பதாகச் சின்னசாமி சொன்னான். வெடிபட்ட கல்லை உத்தரத்துக்கு வைக்கக் கூடாதென்று சம்பங்கிக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு முனையிலும் தட்டிப் பார்த்தான்; மணிபோல் ஒலித்தது. என் காதையா ஏமாற்றும் என்று எடுத்துவந்து செதுக்கிவிட்டான்.

கல்லை ஏற்றும் நாளில் கயிறு இழுக்கச் சின்னசாமி ஷிஃப்ட் முடிந்த ஆட்களோடு வந்து நின்றான். ஏற்றுமுன் கல்லைக் கழுவி மஞ்சள் பூசுவது வழக்கம். ரத்தினம்மா குடத்து நீரை ஊற்றினாள். வெயிலில் கல் மளமளவென்று காய்ந்தது. நடுவில் மட்டும் மயிரிழைபோல ஒரு கோடு ஈரமாகவே நின்றது.

"இன்னாம்மா நிக்கிற? பூசு," என்றான் சின்னசாமி.

"கல்லு தண்ணி குடிச்சிக்கினு கீதுண்ணா. உள்ள விரிசல்."

"மஞ்சள் பூசினா எவன் பாக்கப்போறான்? நம்ம காலத்துக்குத் தாங்கும் மாப்ள. தூக்கிட்டுத் துட்ட வாங்கு."

சம்பங்கி குனிந்து கோட்டின் பக்கத்திலேயே தட்டினான். ஓட்டைப் பானைச் சத்தம் வந்தது. அதன் கீழே கூட்டம் நிற்கப்போவதை நினைத்தான்.

"கயித்த அவுத்துடு மச்சான்."

"அப்போ கேஜ்ல ஏறத் துணிஞ்சிட்ட."

"ஏகாதசி இன்னும் வரலியே."

உடைந்த பழைய உத்தரத்தின் சில்லு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு குன்றைச் சுற்றினான். எந்தப் பாறையின் வரி அதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துக்கொண்டே போனான். கோயிலின் பின்புறம் கொடியை விலக்கியபோது ஒத்த பாறை கிடைத்தது. அதில் வரிசையாகக் குழிகள். கோயில் கட்டினவர்கள் வெட்டி, பிளக்காமல் விட்டவை. ரத்தினம்மா குழிகளில் மண்ணைச் சுரண்ட, அவன் காய்ந்த மர ஆப்புகளை இறுக்கினான். இருவரும் மாறி மாறி நீர் ஊற்றினார்கள். ஆப்புகள் ஊறி உப்பின. பாறை ஒருதரம் முனகி, நூல் பிடித்தாற்போலப் பிளந்தது.

புதுக் கல்லைக் கழுவியபோது கோயிலே மூச்சுவிடாமல் பார்த்தது. ஒரு கோடு இல்லாமல் காய்ந்தது. ஏகாதசிக்கு முந்தின நாள், சின்னசாமியும் ஆட்களும் கயிறு இழுக்க, பழைய தூண்களின்மேல் பிறந்த இடத்துக்கு வந்ததுபோல உட்கார்ந்தது.

கோவிந்தன் பணத்தைக் கொடுத்து, "குளத்துப் படியும் சரிஞ்சு கெடக்குது. நீங்களே வந்து பாருங்க," என்றார். 'ங்க' போட்டு அவர் சம்பங்கியிடம் பேசியது அன்றுதான்.

அங்கேயே சம்பங்கி மச்சானைக் கை நீட்டச் சொன்னான். ஊர் கேட்க, ஒவ்வொரு ரூபாயாக எண்ணி வைத்தான். இருபது ஆனதும் சின்னசாமி கையை மூடப் போனான்.

"மூடாத," என்று இன்னொரு ரூபாயை மேலே வைத்தான்.

"இது இன்னாத்துக்கு மாப்ள?"

"கயிறு இழுத்த கூலி."