சொந்த ரேட்

செஞ்சி பஜாரில் கந்தசாமியின் பைப், பெயின்ட் கடை எது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கடையில் பன்னிரண்டு வருடமாக பில் போடுகிற ஷோபனாவை யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது. "பில் போடற பொண்ணு" என்பார்கள். பொண்ணுக்கு முப்பத்தாறு வயது. பி.காம். முதல் வகுப்பு. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் எட்டாம் மாதமே வல்லத்தில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து, அடுத்த மாதமே இந்தக் கடையில் சேர்ந்தவள். அப்போது சம்பளம் நாலாயிரம். இப்போது பதினாலாயிரத்து ஐந்நூறு.

அவள் வேலைக்கு வந்த முதல் வாரம் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் கந்தசாமியைப் புரியும். பைப் கம்பெனி அனுப்பும் பில்லில் டிஸ்கவுண்ட் 35 + 10 என்று போட்டிருக்கும். கந்தசாமி அதைக் கூட்டி நாற்பத்தைந்து என்று வைத்துக்கொண்டிருந்தார். பில் தொகை எப்போதும் அதிகமாகவே வரும். கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று ஆர்டர் எடுக்க வருகிற பையன்களிடம் வருடக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஷோபனா ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். நூறு ரூபாய்ச் சரக்குக்கு முப்பத்தைந்து போனால் அறுபத்தைந்து. அடுத்த பத்து சதவீதம் அந்த அறுபத்தைந்துக்குத்தான், நூறுக்கு இல்லை. ஆறரை போனால் மிச்சம் ஐம்பத்தெட்டரை. ஆக மொத்தத் தள்ளுபடி நாற்பத்தொன்றரை. கந்தசாமி அந்தக் காகிதத்தை நாலு தடவை பார்த்துவிட்டு, "இத்தினி நாள் யாரும் சொல்லலியே" என்று கம்பெனியையே திட்டினார்.

அடுத்தது சி.டி., அதாவது கேஷ் டிஸ்கவுண்ட். பில் தேதியிலிருந்து ஏழு நாளுக்குள் பணம் கட்டினால் கம்பெனி மூன்று சதவீதம் கழித்துக்கொடுக்கும். கந்தசாமி செவ்வாயும் வெள்ளியும் பணத்தை வெளியே விடமாட்டார். லட்சுமி வாசல் தாண்டக்கூடாது. ஏழாம் நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தால் சனிக்கிழமைதான் கட்டுவார், மூன்று சதவீதம் போய்விடும். ஷோபனா சாமி விஷயத்தில் தலையிடவில்லை. காலண்டரில் ஒவ்வொரு பில்லுக்கும் ஏழாம் நாளைக் குறித்து, வெள்ளி என்றால் வியாழனும் செவ்வாய் என்றால் திங்களும் காலையிலேயே நினைவுபடுத்தி கட்டவைத்தாள். போன வருடம் மட்டும் அப்படி மிச்சமானது ஒரு லட்சத்து எண்பதாயிரம். தீபாவளிக்கு அவளுக்கு ஒரு புடவையும் அரைக் கிலோ மிக்சரும் கிடைத்தன.

கந்தசாமி கெட்டவர் இல்லை. அதுதான் இதில் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் ஷோபனா என்றைக்கோ திட்டிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பாள். யார் வந்தாலும், "ஷோபனா நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரிங்க, இதுதான் கடைய நடத்துது" என்பார். அவள் அம்மா மாரியம்மாள் முழங்கால் ஆபரேஷனுக்கு விழுப்புரத்தில் படுத்திருந்தபோது ஆப்பிள் வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் ஒரே வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குமே அதில் ஒரு நம்பிக்கை வந்துவிடும். ஷோபனாவுக்கும் வந்தது. பாவி, கணக்கில் அத்தனை கெட்டிக்காரி, இந்த ஒரு வார்த்தையை மட்டும் சரிபார்க்காமல் விட்டுவிட்டாள்.

கடையின் கம்ப்யூட்டரில் மூன்று ரேட் உண்டு. வழியில் போகிறவர் வாங்கினால் கவுன்டர் ரேட், ஐந்து சதவீதம் தள்ளுபடி. வேலை எடுத்துச் செய்கிற மேஸ்திரி, பிளம்பருக்குக் காண்ட்ராக்ட் ரேட், முப்பது. மூன்றாவது சொந்த ரேட். முப்பது, அதற்கு மேல் பத்து, ரொக்கமாகக் கொடுத்தால் மூன்று சதவீதம் சி.டி. கந்தசாமியின் மாமன் மச்சான்கள், சம்பந்தி வீட்டார், அவர்கள் சாதிச் சங்கத்து ஆட்கள் எல்லாரும் அதில் வருவார்கள். முகமே பார்த்திராத திண்டிவனத்து ஒன்றுவிட்ட தம்பிக்குக்கூட ஷோபனா போன ஆடியில் அந்த ரேட்டில்தான் பில் போட்டாள்.

வல்லம் காலனியில் அவள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு மேல்தளம் போட்டாகிவிட்டது. பைப்பும் வயரும் பெயின்ட்டும்தான் பாக்கி. "நம்ம கடைதானே, பாத்துக்கலாம்" என்று கந்தசாமியும் சொல்லியிருந்தார். முக்கியமாக வீட்டுக்குள் ஒரு பாத்ரூம் வேண்டும். ஆபரேஷன் ஆன காலோடு அம்மா இன்னும் செம்பை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குத்தான் நடந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கைத்தாங்கலாகப் பிடித்துப் போவாள். அவள் ஊரில் இல்லாத நாளில் மாரியம்மாள் சாப்பிடாமலேயே இருந்துவிடுவாள். மழை தொடங்குவதற்குள் அந்த பாத்ரூம் முடிந்தாக வேண்டும் என்பதைத் தவிர ஷோபனாவுக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

சரக்கின் விலைப்பட்டியல் மதிப்பு எண்பத்துநாலாயிரம். சொந்த ரேட்டில் முப்பதும் பத்தும் போய், சி.டி.யும் போய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் அறுபதாயிரத்து ஐந்நூற்று எழுபத்திரண்டு. அவளிடம் இருந்தது சரியாக அறுபத்தோராயிரம். அந்த ரேட்டில் கொடுத்தாலும் கடைக்கு மூவாயிரத்து அறுநூறுக்கு மேல் நிற்கும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். முதலாளிக்கு நஷ்டம் வரக்கூடாது அல்லவா! ஒரு திங்கட்கிழமை காலை, தன் பெயரைச் சொந்த ரேட்டில் போட்டு பில்லை எடுத்து, கையெழுத்துக்காக அவரிடம் நீட்டினாள்.

கந்தசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா இது? மாத்திப் போட்டுட்டியா?"

"இல்லிங்க முதலாளி. வூட்டு வேலைக்கு. நீங்கதான் பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

"அதுக்கு சொந்தத்துலயா போடறது?" அவர் குரலில் கோபமே இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அது எங்க ஆளுங்களுக்கும்மா. நாளைக்கு சங்கத்துல ஒருத்தன் பாத்தான்னா இன்னா கேப்பான்? யாருடா இந்த சொந்தம்னு கேக்கமாட்டானா?"

கவுன்டரில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். ஷோபனாவுக்கு முகம் சுட்டது.

"அப்ப காண்ட்ராக்ட் ரேட்டாவது..."

"நீ என்ன காண்ட்ராக்டரா? அது யாவாரம் பண்றவனுக்குக் குடுக்கறது. உனக்கு பத்து போட்டுக்கோ. கவுன்டர்ல எல்லாருக்கும் அஞ்சுதான், உனக்குன்றதால பத்து. சந்தோசமா?"

பத்து சதவீதத்தில் எண்பத்தொன்பதாயிரம் வரும். ஷோபனா அந்த பில்லைத் தன் கையாலேயே ரத்து செய்தாள். ரத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில், 'தவறான ரேட்' என்று அடித்தாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிற பீமாராவின் பைப் கடைக்கு ரேட் கேட்கப் போனாள். பட்டியலை வாங்கிப் பார்த்த பீமாராவ் நிமிர்ந்து, "நீங்க கந்தசாமி கடையில இருக்கறவங்கதானே? அங்க உங்களுக்கு சொந்த ரேட்டே கிடைக்குமே, இங்க எதுக்கும்மா அலையறீங்க?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கு அது கிடையாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சும்மா ரேட் தெரிஞ்சிக்கலாம்னு முதலாளி அனுப்புனாரு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். முதலாளியின் மானத்தையும் அவள்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

கடைசியில் பிளம்பர் பாண்டுரங்கனைப் பிடித்தாள். கடையில் இருபது வருடமாகச் சரக்கு எடுக்கிறவர்.

"அண்ணே, உங்க பேர்ல எடுத்துக் குடுங்கண்ணே. ரொக்கமா குடுத்துடறேன்."

"குடுக்கலாம்மா. எனக்கு ஒரு ரெண்டாயிரம் குடுத்துடு. முதலாளிக்குத் தெரிஞ்சா எனக்குல்ல கெட்ட பேரு."

காண்ட்ராக்ட் ரேட்டில் முப்பதும் ரொக்கத்துக்கு மூன்றும் போய், வரியோடு அறுபத்தேழாயிரத்து முந்நூற்றிரண்டு. பாண்டுரங்கனுக்கு இரண்டாயிரம். ஷோபனா கம்மலை எட்டாயிரத்து ஐந்நூறுக்கு அடகு வைத்தாள். அம்மா காதைப் பார்த்து, "எங்கடி?" என்றதற்குத் திருகு கழன்றுவிட்டது என்றாள்.

புதன்கிழமை காலை பாண்டுரங்கன் வந்தார். அவள் முந்தின நாள் கொடுத்த பணம் அவர் சட்டைப்பையில் ரப்பர் பேண்டோடு இருந்தது. அவள் எழுதிக் கொடுத்த பட்டியலையே அவளிடம் நீட்டினார்.

"எந்த சைட்டுப்பா?" என்றார் கந்தசாமி.

"தளவானூர்ல ஒரு வூட்டு வேலைங்க. ரொக்கம்."

ஷோபனா பார்ட்டி பெயரில் பாண்டுரங்கன் என்று அடித்து, ஒவ்வொன்றாக ஏற்றினாள். பாத்ரூம் குழாய், ஷவர், அம்மா பிடித்துக்கொண்டு எழுந்திருக்க சுவரில் பதிக்கிற கம்பி. தள்ளுபடி முப்பது. பிரிண்ட் கொடுக்கப் போனபோது கந்தசாமி கையைத் தூக்கினார்.

"இரு இரு. முப்பதுக்கு மேல இன்னொரு அஞ்சு போடு. ரொக்கமா எண்ணி வெக்கிறான், பழைய ஆளு."

அவள் பாண்டுரங்கனைப் பார்த்தாள். அவர் மேல் தட்டில் அடுக்கியிருந்த பெயின்ட் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதும் ஐந்தும் என்றால் மொத்தத் தள்ளுபடி முப்பத்துமூன்றரை, பில் அறுபத்துமூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு, மிச்சம் மூவாயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து. கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன்பே அவள் மனசு சொல்லிவிட்டது. ஐந்தை அடித்தாள்.

பாண்டுரங்கன் பணத்தை எண்ணி வைத்தார். மிச்ச நோட்டுகளை மடித்துச் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டார். "வரம்மா" என்று எங்கேயோ பார்த்துச் சொல்லிவிட்டு, சரக்கை வண்டியில் ஏற்றப் போனார். அந்தப் பணம் இனி வராது என்று ஷோபனாவுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது, எந்தக் கணக்கில் கேட்பது?

கந்தசாமி கல்லாவை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். மனசு நிறைந்திருந்தது அவருக்கு.

"பாத்தியா ஷோபனா, அவன் வாயத் தொறந்து கேக்கவே இல்ல. கேக்காதவனுக்குத்தான் நாமளா பாத்துக் குடுக்கணும். அன்னிக்கு நீ கேட்ட பாரு, அது எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிட்சி."

"ஆமாங்க முதலாளி" என்றாள் ஷோபனா. கவுன்டரில் அடுத்த ஆள் ஒரு அடி பைப் கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஐந்து சதவீதம் போட்டாள்.