சீப்பு மாற்றாமல் விட்ட ஒயர்

அவர் தலையில் ஒரு முடி கிடையாது. சட்டைப்பையில் மட்டும் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒயர்களைப் படிய வாருவதற்கு. அதனால் கடைத்தெருவில் அவர் பெயரே சீப்பு. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்க்கடைக்காரரே கையை விரிப்பார்.

கேட்கிறவர் வேலைக்கு ஏற்ப பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து கம்ப்யூட்டர் கட்டித் தருவது அவர் தொழில். யாராவது பட்டியலோடு வந்தால் வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுவார். "நீங்க வேலை பாக்குற எடத்துல ஒரு காலைப்பொழுது சும்மா உக்காந்துட்டு வரேன். அப்புறம் பேசலாம்" என்பார். போய் மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆள் எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு மெஷினுக்காகக் காத்திருக்கிறார் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பார். திருட வருகிறவன்கூட ஒரு வீட்டை அவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டான்.

பொம்மைக்காரி வீட்டுக்கும் அப்படித்தான் போனார். அவள் கார்ட்டூன் படம் செய்கிறவள். நாலாவது மாடியில் ஒற்றை ஆளாக மூன்று வருடமாக ஒரே படம். காது கேளாத குழந்தைகளுக்கான, பேச்சே இல்லாத படம். ஒன்பது நாளில் முடித்துக் கொடுத்தாக வேண்டும். பழைய மெஷின் ஒவ்வொரு காட்சிக்கும் மூச்சு வாங்கியது.

அவள் பட்டியலில் மெஷினைக் குளிர வைக்கிற, கலர் கலராக எரியும் காற்றாடிகள் மட்டும் பன்னிரண்டு இருந்தன.

"ஏம்மா, இது கம்ப்யூட்டரா, சர்க்கஸ் கூடாரமா?"

"பாக்க நல்லா இருக்கும்ணே."

"நீங்க திரையைப் பாப்பீங்களா, காத்தாடியைப் பாப்பீங்களா?" என்றவர் குறிப்பை நீட்டினார். "வரையும்போது நீங்க காத்திருக்கவே இல்ல. வெளிச்சம் நிழல் போடும்போதுதான் ஒரு காட்சிக்கு நாப்பத்தோரு நிமிஷம் நகத்தைக் கடிக்கிறீங்க. அந்த வேலை கிராஃபிக்ஸ் கார்டோடது. பிராசசர் நடுத்தரமா போதும். கார்டுலயும் மெமரியிலயும் மட்டும் காசைக் குறைக்காதீங்க."

அவள் நகத்தை மறைத்துக்கொண்டாள். பிறகு மேசைமேல் இருந்த இரண்டு ஹார்டு டிஸ்க்குகளைக் காட்டினாள். முழுப் படமும் ஒன்றில்; அதன் நகல் மற்றதில். வேறெங்கும் இல்லை.

"இது ரெண்டும் என் கையை விட்டுப் போகாது. மெஷினைக் குடுங்க, நானே மாட்டிக்கிறேன்."

"தாராளமா" என்றார் சீப்பு. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடத் தயங்குகிற தாய் மாதிரி இருந்தது அவருக்கு, பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் கட்டி முடித்துவிட்டார். அப்போது பார்த்து, முதலில் கிடைக்காமலிருந்த பெரிய கார்டு சந்தைக்கு வந்தது. "அதையே போடுங்கண்ணே" என்றாள் பொம்மைக்காரி. அந்தக் கார்டு மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கும். மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் மாற்ற வேண்டியதாயிற்று. வேறொரு கம்பெனியின் பெரிய பெட்டி. மாற்றினார், ஆறு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். தும்மல்கூட இல்லை. வெள்ளிக்கிழமை காலை அவள் வந்து எடுத்துப் போனாள்.

மதியம் சாப்பிட்டு முடித்து, சம்சாரம் காலி அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். கடையில் பாதி அவருடையது. வாய் முழுவதும் அவருடையது.

"என்னங்க, இந்தப் புது எஸ்.எம்.பி.எஸ். வந்த அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு ஒயர் பிரிக்காமலே கெடக்கு. வேணுமா, தூக்கிப் போடவா?"

சீப்பு திரும்பினார். ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற ஒயர்.

உறையோடு வாங்கிப் பார்த்தார். அப்படியென்றால் உள்ளே இருப்பது? பழைய பெட்டியோடு வந்த ஒயர். பின்பக்கத் தகட்டுக்குள் அரை நாள் உட்கார்ந்து வாரி, முடிந்து, வளைத்து விட்ட ஒயர். புதுப் பெட்டியின் துளையில் அதன் முனை கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்துகிறதே, இவ்வளவு அழகை அவிழ்ப்பானேன் என்று விட்டுவிட்டார். முனை ஒரே மாதிரி இருக்கும். எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மாற்றிப் போட்டால் ஹார்டு டிஸ்க் கருகும். இதை நூறு பேருக்குச் சொன்ன வாய் அவருடையது. கடையில் ஓட்டிப் பார்த்தபோது அந்த ஒயரில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. அதனால்தான் தும்மவில்லை.

போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி.

"வேலைன்னு உக்காந்தா போனை டிராயருக்குள்ள வெச்சிடும் அந்தப் பொண்ணு" என்றார் சம்சாரம். கணவர் முகத்தைப் பார்த்ததும் கடைச் சாவியை எடுத்துவிட்டார். "ஏறுங்க வண்டியில. நான் ஓட்டுறேன்."

ஸ்கூட்டரின் பின்னால், ஒயர் உறையை நெஞ்சோடு அணைத்தபடி சீப்பு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு எரிந்தது.

"வேகமாப் போயேன்!"

"முன்னாடி லாரி நிக்குது. அதுக்குள்ள பூந்தா போகச் சொல்றீங்க?"

லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. நாலு மாடியையும் படியில் ஏறினார். கதவைத் தட்டவில்லை, இடித்தார்.

பொம்மைக்காரி திறந்தாள். கையில் திருப்புளி. அறையில் மெல்லிய கருகல் வாடை.

"நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க. முதல் டிஸ்க்கை மாட்டினேன், மெஷின் படக்குன்னு நின்னுடுச்சு. பழசு இல்லையா, போயிடுச்சு போல. அதான் ரெண்டாவதை மாட்டி, இப்ப ஆன் பண்ணப் போறேன்…"

"தொடாதீங்க!"

ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினார். அப்புறம்தான் மூச்சு வந்தது. மின்சாரம் போகாத ஒயரின் நுனியில் இரண்டாவது டிஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடம், ஒரு விரல் அழுத்தத்துக்கு இப்பால்.

பின்னால் சம்சாரம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

பழசு, போயிடுச்சு போல. அவளே சொல்லிவிட்டாள். தலையாட்டினால் போதும், ஒயரைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, நல்ல பிள்ளையாகப் படி இறங்கிவிடலாம். அந்த எண்ணம் வந்ததை அவர் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

"டிஸ்க் பழசு இல்லம்மா" என்றார். "நான் ஒயரை மாத்தாம விட்டுட்டேன். எரிச்சது நான்தான்."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சீப்பு பின்தகட்டைக் கழற்றினார். அரை நாள் வாரிய பின்னலைக் கத்தரியால் அறுத்து உருவினார். புது ஒயரைப் போட்டார். அவளுடைய டிஸ்க்கை உடனே அதில் மாட்டவில்லை. சம்சாரத்தைக் கீழே அனுப்பி, பக்கத்துக் கடையில் இரண்டு புது டிஸ்க் வாங்கி வரச் சொன்னார். முதலில் அவை. ஒரு மணி நேரம் ஓடவிட்டார். தொட்டுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"நீங்களே மாட்டுங்க."

"எனக்குக் கை வரலண்ணே. நீங்க மாட்டுங்க."

மாட்டினார். திரையில் ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. சம்சாரம் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. இரண்டு புது டிஸ்க்கிலும் நகல் ஏற ஆரம்பித்தது.

அவள் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான்தான் பழசுன்னு சொன்னேன்ல? ஆமான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"போயிருக்கலாம்" என்றார் சீப்பு. "ஆனா எரிஞ்சுபோன டிஸ்க்கை எடுத்துக்கிட்டு நீங்க என்கிட்டதானே ரிப்பேருக்கு வருவீங்க. அப்ப எந்த மூஞ்சிய வெச்சுப் பேசுறது?"

"இருக்கறது ஒரு மூஞ்சிதான்" என்றார் சம்சாரம். "அதையும் வெச்சு நான்தான் குடும்பம் நடத்தணும்."

பொம்மைக்காரி சிரிக்கவில்லை. எழுந்து போய் இன்னும் இரண்டு நாற்காலிகளை இழுத்து வந்து திரைக்கு முன்னால் போட்டாள்.

"உக்காருங்க. முழுசா ஏறி முடியறவரைக்கும் ரெண்டு பேரும் எங்கயும் போகக் கூடாது."