மோதிர விரலின் பாதி

என் வலது கையில் சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து மோதிர விரலும் மடங்கியே இருக்கும். நீட்டினால் நீளாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால், பக்கத்தில் நிற்பவர் முதலில் விரலைப் பார்ப்பார். அடுத்து என் முகத்தைப் பார்ப்பார். அதன் பிறகு என் காது மடல் தடித்திருக்கிறதா, புருவம் உதிர்ந்திருக்கிறதா என்று தேடுவார். வேலூர், ஆம்பூர் பக்கத்து ஜனங்களுக்கு இந்த மாதிரிக் கை புதிதில்லை. தொழுநோய்க்கு வைத்தியம் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பார்க்கட்டும் என்று நான் கையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொள்வேன்.

எனக்கு வந்த கோளாறு முழங்கையில். சின்ன வகுப்பு படிக்கும்போது அப்பாவின் சைக்கிள் கேரியரிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது. நாட்டுக் கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கை வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. வலிக்கவில்லை, அதனால் யாரும் கவலைப்படவில்லை. அந்தக் கோணல் கையோடுதான் பள்ளிக்கூடம் முடித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல் பாகத்தைத் தைக்கிற லைனில் ஒரு மெஷினில் உட்கார்ந்தேன். முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றித்தான் தைப்பேன். பல வருஷம் கழித்து சுண்டு விரல் மரத்துப்போனது. கத்தரிக்கோல் கையைவிட்டு நழுவியது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்தது. விரல்கள் மெல்ல மடங்க ஆரம்பித்தன.

எங்கள் லைனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் கொண்டுவந்த சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே பெரிய எவர்சில்வர் பேசினில் கொட்டுவோம். ஒருத்தி பிசைந்து, சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் கையில் உருண்டை உருண்டையாக வைப்பாள். அந்த ஒருத்தி நான்தான். சாம்பாரும் கருவாட்டுக் குழம்பும் ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், அந்த ருசியைப் பெரிய ஓட்டலில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. ஒரு நாள், எனக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிற தோழி பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"நீ இரு, இன்னிக்கு நான் பெசயிறேன்" என்றாள்.

நான் என் டப்பாவைக் கொட்டப் போனேன். "உன்னுது உனுக்கே இருக்கட்டும். இன்னிக்கி சோறு ஜாஸ்தியா இருக்குது" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்கப்புறம் பேசின் என் பக்கம் வரவே இல்லை. யாரும் திட்டவில்லை, எழுந்து போகவும் சொல்லவில்லை. என் டப்பாவை மட்டும் விட்டுவிட்டுக் கொட்டிக்கொண்டார்கள். நான் அதைத் தனியாகத் திறந்து தின்றேன்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா முதலில் விரலைத் தொடவே இல்லை. முதுகில் தேமல் உண்டா என்று பார்த்தார், காது மடலைத் தடவினார், முழங்கைக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? கடைசியில்தான் கேட்டார்.

"சின்ன வயசுல இந்தக் கை ஒடைஞ்சுதாம்மா?"

பேனாவை எடுத்து என் கையிலேயே கோடு போட்டுக் காட்டினார். கழுத்திலிருந்து கிளம்பும் நரம்பு, அக்குள் வழியாக மேல்கையின் உள்பக்கமாக இறங்கி, முழங்கைக்குப் பின்னால் ஒரு எலும்புப் பள்ளத்தில் நுழைகிறது. அந்த இடத்தில் அதற்கு மேலே தோலைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது. எங்கேயாவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி விர்ரென்று இழுக்குமே, அதுதான் இடம். அங்கிருந்து கீழே இறங்கி உள்ளங்கையின் சின்னச் சின்னத் தசைகளை ஆட்டிவைக்கிறது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது.

"பாதியா?" என்று கேட்டேன்.

"பாதிதான். மீதிப் பாதி வேற நரம்போடது. கண்ணை மூடிக்கோங்க."

ஒரு நைலான் இழையால் தொட்டார். மோதிர விரலின் ஒரு பக்கம் தெரிந்தது. அதே விரலின் மறுபக்கம் தொட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே விரலுக்குள் பாகப்பிரிவினை!

கோணலான எலும்பின் மேல் வருஷக்கணக்கில் இழுபட்டு நரம்பு நைந்திருந்தது. "தொழுநோய்க் கிருமியும் இதே இடத்துலதான் இந்த நரம்பைப் பிடிக்கும். எதனால கெட்டாலும் விரல் இப்படித்தான் மடங்கும். உங்களுக்கு அது இல்லை" என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்து நரம்பைப் பள்ளத்திலிருந்து எடுத்து முழங்கைக்கு முன்பக்கம் மாற்றி வைத்தார்கள். மரத்துப்போனது கொஞ்சம் தெளியும், வற்றிய சதை திரும்பாது என்று முன்கூட்டியே சொல்லியும்விட்டார்கள்.

தையல் பிரித்த பிறகு கைப் பயிற்சிக்குப் போனேன். கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, தொடைமேல் வைத்து மடங்கிய விரல்களை மறு கையால் நீவி நீட்ட வேண்டும். என் எதிரில் கணியம்பாடிப் பக்கத்து அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார், நிலத்தில் கூலி வேலை செய்பவர். என் விரல் மாதிரியே அவர் விரல், என் குழி மாதிரியே அவர் குழி.

"எனுக்கு அந்த நோய்மா" என்றார் அவராகவே. "மாத்திர சாப்ட்டு எப்பவோ போய்டுச்சி. வெரலு மட்டும் நின்னுபோச்சி. சூடு தெரியாது, அடிக்கடி சுட்டுக்குவேன்."

மத்தியானம் அவர் வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்து பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, "எடுத்துக்கோ" என்றார். கையால் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று எத்தனை பேர் எத்தனை வருஷம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கைல குடுங்கக்கா" என்று உள்ளங்கையை நீட்டினேன்.

அவர் கடலையை அள்ளி என் கையில் வைத்தார். பாதி சிந்தியது. அவர் விரலும் சேரவில்லை, என் விரலும் சேரவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பொறுக்கித் தின்றோம்.

மறுபடி வேலைக்குப் போன அன்று கம்பெனி வேனில் தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழங்கைத் தழும்பைப் பார்த்தாள்.

"அந்த நோய்க்கும் அங்கதான் கிழிப்பாங்கன்னு லைன்ல பேசுறாங்க. நான் எல்லார்கிட்டயும் சண்ட போட்னு இருக்கிறேன். அது இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு. இன்னிக்கே பேசின் உன் கைக்கு வரும்."

ஒரு வார்த்தைதான். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என் இடம் எனக்குத் திரும்பியிருக்கும். அந்தக் கடலைக்கார அக்கா நாளைக்கு எங்கள் லைனில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்?

"சொல்ல மாட்டேன்" என்றேன். "இருந்தா குடுக்க மாட்டியா?"

"இது இன்னா பேஜாரு! சொன்னா முடிஞ்சிச்சி இல்ல?"

"அது மாத்திரைல போய்டும். தொட்டுச் சாப்ட்டா ஒட்டாது. செவுத்துல எழுதிப் போட்டிருக்கிறத நீயும் படிச்சிதான வளர்ந்த? நான் சொல்ல மாட்டேன், போ."

வீட்டுக்காரரையும் எச்சரித்து வைத்தேன், யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று. அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிடிவாதம், திமிர், எல்லாம் சொன்னார்கள். இருக்கட்டும். கோளாறு முழங்கையில்தான் என்று மேலே படித்தபோது உங்களுக்கும் ஒரு நிம்மதி வந்ததா இல்லையா? அந்த நிம்மதியைத்தான் நான் அவர்களுக்குத் தர மறுத்தேன்.

வீட்டிலிருந்து நானே ஒரு பேசின் கொண்டுபோனேன். அவர்கள் வட்டத்திலேயே உட்கார்ந்தேன், தள்ளி உட்காரவில்லை. சோற்றையும் குழம்பையும் கொட்டி இந்தக் கையாலேயே பிசைந்தேன். உருண்டை ஒழுங்காக வராது, விரலிடுக்கில் பிதுங்கும். அதை அப்படியே வட்டத்தைப் பார்த்து நீட்டினேன். எல்லோரும் தங்கள் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார்கள். நானே சாப்பிட்டேன். அடுத்த நாளும் நீட்டினேன், அதற்கடுத்த நாளும் நீட்டினேன். வீட்டுக்குப் போய் அழுதேன், மறுநாள் மறுபடி பேசினைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு. வழக்கம்போல நீட்டினேன். பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. தோழியின் கை.

"நான் இன்னும் சொல்லலயே" என்றேன்.

"நீ எங்க சொல்லப் போற! பசிக்குது, வையி."

நீட்டிய கையை ஒரு தடவை பின்னால் இழுத்து மறுபடி நீட்டினாள். பயம் போகவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. வைத்தேன். வழக்கம்போல விரலிடுக்கில் வழிந்து பாதி அவள் மடியில் சிந்தியது. கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டு, மடியில் கிடந்ததையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். எனக்கு அழுகை வந்தது, நான் அதை மறைக்கவில்லை.

முழங்கை விஷயம் அவளுக்கு இதைப் படித்துத்தான் தெரியப் போகிறது. தெரியட்டும். அன்றைக்கு அவள் தெரியாமல்தான் வாங்கினாள்.