சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்தாறாவது எபிசோடு

ஓய்வு பெற்றவர்கள் கரமனை ஆற்றோரம் நடப்பார்கள், அல்லது கோவில் கமிட்டியில் சண்டை போடுவார்கள். நான் சீனத் தொடர் பார்க்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்த்தவனுக்கு அரண்மனைச் சதி புதிதும் அல்ல. அங்கே விஷத்தைத் தேநீரில் கலக்குவார்கள், எங்கள் ஆபீசில் ஃபைல் குறிப்பில் கலக்குவார்கள்.

அந்தத் தொடர்களின் குறைகள் எனக்குத் தெரியும். நாற்பது எபிசோடு என்றால் நடுவில் பத்து வெறும் ஜவ்வு. கதாநாயகி தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டால் போதும், பெற்ற அப்பனுக்கே அவள் ஆண்பிள்ளையாகத் தெரிவாள். யாருக்கு மனசு உடைந்தாலும் வாயோரம் ஒரு கோடு ரத்தம் வழியும். ஆனால் மரியாதை விஷயத்தில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. யார் முதலில் வணங்கினார், யார் எந்தப் படியில் நின்றார் என்பதிலேயே ஒரு எபிசோடு ஓடிவிடும். ஒரு தொடரில் மருமகள் பெரியவளுக்கு ஒரு கோப்பை தேநீர் நீட்ட மறந்ததற்காக இரண்டு குடும்பங்கள் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை.

"இப்படியும் மனுஷா இருப்பாளா!" என்று நான் அன்றைக்குச் சிரித்தேன். என் மனைவி சுவரை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் அக்கா வீடு. அக்ரஹாரத்து வீடுகளுக்கு நடுவில் சந்து கிடையாது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். அக்காவும் நானும் பேசி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

தப்பு என்னுடையது. என் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும், முதல் பத்திரிகையின் மூலைகளில் மஞ்சள் தடவி, அக்கா பெயரையும் அத்திம்பேர் பெயரையும் என் கையாலேயே எழுதினேன். பக்கத்து வீடுதானே, எப்போது வேண்டுமானாலும் போய்க் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்துவிட்டு, தூரத்து ஊர்களுக்கு முதலில் கிளம்பினோம். நாகர்கோவில், திருநெல்வேலி, பாலக்காடு என்று அலைச்சல். நடுவில் பத்திரிகையைப் போனில் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். அக்காவும் அந்த குரூப்பில் இருந்தாள். அதோடு அவளைக் கூப்பிட்டாயிற்று என்று நினைத்துவிட்டேன்.

அக்கா கல்யாணத்துக்கு வந்தாள். நாலாம் மனுஷி மாதிரி பின் வரிசையில் உட்கார்ந்தாள், அட்சதை போட்டாள், என் பெண்ணின் கன்னத்தைத் தடவினாள், சாப்பிடாமல் போய்விட்டாள். தம்பியும் தம்பி பெண்டாட்டியும் தட்டோடு வருவார்கள் என்று ஒரு மாதம் காலையில் புடவை மாற்றிக்கொண்டு காத்திருந்தாளாம். பிறகு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றே போய்க் காலில் விழுந்திருக்கலாம். "இதுக்குப் போயா?" என்று எனக்கும் வீம்பு வந்தது. அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

அத்திம்பேருக்குக் காது மந்தம். அதனால் அக்கா வீட்டு டிவி பாதித் தெருவுக்குக் கேட்கும். போன வருஷம் ஒரு நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, சுவர் வழியாக ஒரு புல்லாங்குழல் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த அதே தொடரின் ஆரம்பப் பாட்டு. அரண்மனை வைத்தியன் ஒருவனின் கதை அது. நான் இருபத்தெட்டாவது எபிசோடில் இருந்தேன். குதிரைச் சத்தத்தையும் மகாராணியின் அழுகையையும் வைத்து, அக்கா இருபத்தாறில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்தேன். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நாள் பார்க்காமல் நிறுத்தி வைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து அவளும் நானும் ஒரே எபிசோடை ஒரே நேரத்தில் பார்த்தோம். அவளுக்கு அது தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டாவது எபிசோடு முடிந்த மறுநாள் தலையில் இடி விழுந்தது. காலையில் பேப்பரைப் பிரிக்கும் முன்பே போனில் சீன நடிகர்களின் செய்தி படிப்பது என் வழக்கம். யார் யாரோடு சுற்றுகிறார்கள், யார் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்று வைத்தியனாக நடித்தவனின் பெயர் அடிபட்டது. ஏதோ புகார். உண்மையா பொய்யா என்று தெரிவதற்குள் தொடரையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒருவன் பெயர் கெட்டால், கூட நடித்த அத்தனை பேரின் உழைப்பும் இரவோடு இரவாகக் காணாமல் போகும். எனக்கு இது பிடிப்பதே இல்லை. ரசிகர் குழுவில் ஒரே ஒப்பாரி. நான் அந்த நடிகனுக்காகக் கவலைப்படவில்லை. நாலு மணிக்குச் சுவர் சும்மா இருக்குமே என்றுதான் கவலைப்பட்டேன்.

சும்மாதான் இருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு மலையாள சீரியல் ஆரம்பித்து, பத்து நிமிஷத்தில் நின்றது.

என்னிடம் முழுத் தொடரும் இருந்தது. மழை பெய்தால் எங்கள் வீட்டில் நெட் போய்விடும் என்று என் பெண் முப்பத்தாறு எபிசோடையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். நாலாம் நாள் முப்பத்துமூன்றைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். புல்லாங்குழல் ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. இழுத்துச் சுவரோரமாகப் போட்டாள்.

ஆனால் வெறும் சத்தத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? சீன மொழி அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகள்தான் எங்களுக்குக் கதி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவற்றைத் தமிழில் உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.

"மகாராணி கேக்கறா, இந்த மருந்தை யாரு காய்ச்சினான்னு. வைத்தியன் சொல்றான், நான்தான்னு. பொய் சொல்றான், கேட்டயா! காய்ச்சினது அந்தப் படுபாவி தோழி."

மனைவி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏன்னா, யாருக்கு இது?"

"எனக்குத்தான். உரக்கப் படிச்சா மனசுல நிக்கறது."

"நன்னா நிக்கட்டும். இன்னும் கொஞ்சம் சுவத்தண்ட நகந்து நின்னு படிங்கோ."

இப்படி மூன்று நாள். முப்பத்தைந்தாவது எபிசோடின் முடிவில் மகாராணிக்கு வைத்த விஷத்தை வைத்தியன் தானே குடித்துவிட்டு, பனியில் விழுகிறான். வாயோரம் அந்த ஒரு கோடு ரத்தம். அத்தனை தொடரில் பார்த்துக் கேலி செய்தவன்தான் நான். அன்று கேலி வரவில்லை. படிக்க வரியும் இல்லை. புல்லாங்குழல் மட்டும் ஓடியது.

"டேய், செத்துட்டானா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல். ஐந்து வருஷத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தெரியல்லைக்கா. நாளைக்குத்தான் கடைசி எபிசோடு. நீ இங்க வந்து பாரேன்."

நாற்காலி கிறீச்சிட்டது. "சுவத்து வழியா கூப்ட்டா நான் வந்துடணுமாக்கும்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது மனைவி பீரோவைத் திறந்துகொண்டிருந்தாள். பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தாள். மஞ்சள் தடவிய மூலைகள் பழுப்பேறியிருந்தன. மேலே என் கையெழுத்தில் அக்கா பெயர். அவள் அதை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

"காலம்பற சீக்கிரம் குளிச்சுட்டு ரெடியா இருங்கோ" என்றாள்.

மறுநாள் காலையில் நான் ஜரிகை வேஷ்டி கட்டிக்கொண்டேன், அவள் பட்டு உடுத்திக்கொண்டாள். வெள்ளித் தட்டில் குங்குமம், சந்தனம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை. எங்கள் வீட்டுப் படி இரண்டு இறங்கி, அக்கா வீட்டுப் படி இரண்டு ஏற வேண்டும். நான் பெல்லை அழுத்தினேன்.

அக்கா கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மனைவி குங்குமத்தை நீட்டினாள், அக்கா எடுத்து இட்டுக்கொண்டாள். நான் தட்டைப் பிடித்தபடி, கல்யாணத்துக்கு ஊரெல்லாம் போய்ச் சொன்ன மாதிரியே அவளிடமும் சொன்னேன்.

"இன்னிக்கு நாலு மணிக்கு நம்மாத்துல கடைசி எபிசோடு. ரெண்டு பேரும் அவசியம் வந்திருந்து நடத்திக் குடுக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. பத்திரிகையை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து மண்டபத்து விலாசம்வரை நின்றபடியே படித்தாள். பிறகு உள்ளே திரும்பி, அத்திம்பேர் காதில் விழும்படி கத்தினாள்.

"கேட்டேளா, தம்பி வந்திருக்கான்! பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கான்!"

"பேஷ், பேஷ்" என்றார் அத்திம்பேர் உள்ளேயிருந்து. "முகூர்த்தம் எப்போ?"

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"நாலு மணிக்கு" என்றாள்.