பிளேஸ்டோ கடையில் வைத்த கையெழுத்து

இன்று லண்டன் பிளேஸ்டோவில் நான் வழக்கமாகப் போகும் தமிழ்க் கடையில், காசு மேசைமேல் ஒரு மனு இருந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டுமாம்.

"சைன் வையுங்கோ அண்ணை. இல்லாட்டி முழு ஐரோப்பாவும் இஞ்ச வந்திடும்," என்றார் கடைக்காரர். அவரே அகதியாக வந்தவர்.

இரண்டு பக்கங்களையும் வாசித்துவிட்டு, "ஜெர்மனியில இருக்கிற என்ர மகளும் ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைச்ச உடனை விசா இல்லாமல் இஞ்சதானே வரப்போறா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஐயோ, பிள்ளை வரட்டும். நான் மற்றவையைச் சொல்லுறன்!"

கடைக்காரருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி சிரித்தார். "அகதியெண்டு வந்து இறங்கி ஹீத்ரோ எயார்போட்டில நீர் அழுத அழுகையை நான் சொல்லட்டே?"

கடைக்காரரும் சிரித்துக்கொண்டே பேனாவை என் கையில் திணித்தார். நானும் கையெழுத்து வைத்தேன்.

அவரைவிட என்னை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது. மகள் வந்து இருக்கப்போகும் என் வீட்டு முகவரியையே அந்த மனுவில், போஸ்ட்கோடு உட்பட, பிழையில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவளுக்கு இதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.