ஆடி முடித்த பிறகு வந்த சம்பளம்

ஐம்பதுகளில் திருச்சிப் பக்கத்தில் பூப்பந்து ஆடத் தெரிந்தவனுக்கு மில்லில் வேலை கிடைக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டிப் போய், கரூர் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லுக்காக நான் ஆடினேன். பெயருக்கு ஆபீஸ் குமாஸ்தா. நாலு மணிக்கு மேல் மட்டையும் மஞ்சள் கம்பளிப் பந்தும்தான்.

சேர்ந்த அன்றே முதலாளி ஒரு யோசனை சொன்னார்.

"தம்பி, மாசம் நூத்தியிருபது. எம்பது இப்ப வாங்கிக்குங்க. நாப்பது எங்கிட்ட இருக்கட்டும். எத்தனை வருஷம் ஆடுறீங்களோ, ஆட்டத்த விட்டப்புறம் அத்தனை வருஷம் மாசாமாசம் தரேன். கால் ஓடாத காலத்துலயும் சாப்பிடணும்ல?"

வீட்டில் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் பள்ளிக்கூட வாத்தியார். "ஓடறது இப்போ, சம்பளம் அப்புறமாவா? எழுத்துல வாங்கிண்டு வா" என்றார். எழுதி வாங்கினேன். என்னோடு சேர்ந்த லால்குடிக்காரன் முழுச் சம்பளமும் கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டே வருஷத்தில் ஒரு ஜோடி மாடு வாங்கினான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆறு வருஷம் ஆடினேன். சாயங்காலம் தண்ணீர் தெளித்த மண்ணின் வாசனை, பந்து மட்டை நரம்பில் படும் சத்தம், கோட்டுக்கு வெளியே குந்தியிருக்கும் ஷிப்ட் முடிந்த தொழிலாளிகளின் கூச்சல். அவ்வளவு சந்தோஷமாகப் பிறகு நான் எங்கேயும் இருந்ததில்லை. புதுக்கோட்டையில் ஒரு கடைசி ஆட்டம், இருபத்தேழுக்கு இருபத்தேழு. பின்னால் எகிறிய பந்துக்காகத் திரும்பினேன். வலது முட்டி திரும்பவில்லை. அதோடு சரி.

அடுத்த மாதமே நாற்பது ரூபாய் வர ஆரம்பித்தது. முதல் சனிக்கிழமை சாயங்காலம் நேரில் போய் வாங்க வேண்டும். அதை நம்பித்தான் வாத்தியார் ட்ரெய்னிங் படித்தேன், கல்யாணமும் செய்துகொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மில்லை மூடிவிட்டார்கள். பஞ்சு விலை என்றார்கள். அந்தச் சனிக்கிழமை கேட் முன்னால் சம்பள பாக்கி வராத ஆட்கள் நின்றிருந்தார்கள். காஷியர் என்னை மட்டும் பக்கத்து வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டு நாலு பத்து ரூபாய் நோட்டுகளைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமும் வாங்கினேன். மனைவி பிரசவத்துக்குக் காத்திருந்தாள்.

வெளியே வரும்போது, என் ஆட்டத்தைத் தவறாமல் பார்த்த நூற்பு ஆள் ஒருவர் கேட்டார்: "உங்களுக்குக் குடுத்துட்டாங்களா, சார்?"

"குடுத்தாங்க."

"நல்லதுங்க" என்றார். கோபமே இல்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

மூன்றாவது மாதம் முதலாளியிடமே போனேன். "மில் திறக்கற வரைக்கும் எனக்கு வேண்டாம் சார். அப்புறம் சேத்துக்கலாம்."

"நான் ஒரு தடவ தள்ளிவெச்சேன். நீங்க அதையும் தள்ளிவெக்கிறீங்களா?" என்று முதலாளி சிரித்தார். பிறகு அந்தப் பழைய காகிதத்தை எடுத்துவரச் சொல்லி, அடியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் சொன்னதும் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அவாளுக்கு மில்ல எப்போ திறக்கறாளாம்?" என்று கேட்டாள்.

ஏழு மாதத்தில் திறந்தார்கள். பாதி ஆட்களுக்குத்தான் வேலை. என் நாற்பது ரூபாய் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஒரு மாதம் தவறவில்லை. கடைசித் தவணை வாங்கியபோது எனக்கு முப்பத்து நான்கு வயது, வாத்தியார் உத்தியோகம் நிலைத்திருந்தது. பணத்துக்காகப் போன பழக்கம்தான். ஆனாலும் அதற்குப் பிறகு, முதல் சனிக்கிழமை சாயங்காலங்களில் என்ன செய்வது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியவில்லை.