அடுப்படித் தண்டனை

கார்டு பாக்கியநாதன் பச்சைக் கொடி காட்டாமல் நஞ்சன்கூடு வண்டி நகராது. மைசூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தன் வீடும் அப்படியே நடக்க வேண்டும் என்று நினைத்தார்.

சாயங்காலம் விளக்கேற்றியதும் கூடத்தில் பாய் விரித்துக் குடும்ப ஜெபம். நடுவில் சிரித்தாலும், தூங்கி விழுந்தாலும், மனப்பாட வசனத்தில் தடுக்கினாலும் தண்டனை ஒன்றுதான். அடுப்படியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அன்றைக்கு அப்பாவோடு சாப்பிடக்கூடாது. பிரம்பெடுக்கும் தகப்பன்மார்களைவிடத் தான் கடுமையானவர் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. தன் பக்கத்தில் உட்கார முடியாததைவிடப் பிள்ளைகளுக்கு என்ன துக்கம் இருக்க முடியும்?

டிசம்பர் பிறந்தது. கூடத்துக் கல்தரையில் குளிர் வந்து படுத்துக்கொண்டது. சந்தையில் அவரைக்காய் குவிந்தது. குழம்பு அடிப்பிடிக்கும் என்று சொல்லி மனைவி கிருபை அடுப்பருகிலிருந்தே ஆமென் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் நீக்கப் பிதுக்கினாள்.

மூத்தவன் எலியேசர், ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கிய சங்கீதத்தின் முதல் அடியிலேயே தடுக்கினான். சலோமி காரணமில்லாமல் சிரித்தாள். சின்னவள் லில்லி, ஜெபம் தொடங்குமுன்பே குறட்டை விட்டாள். கண்ணை மூட மறந்துவிட்டாள்.

பாக்கியநாதன் தனியாக ஜெபித்துத் தனியாகச் சாப்பிட்டார். அடுப்படியில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தார். மூவரும் உத்தரவுப்படி சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள், முதுகை அடுப்புக்குக் காட்டி. யார் பிதுக்கிய பருப்பு சுவரில் உயரமாய்ப் படுகிறது என்று பந்தயம்.

"என்ன சத்தம்?"

"தண்டனை அனுபவிக்கிறோம்ப்பா," என்றான் எலியேசர்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு," என்றாள் சலோமி.

தினமும் இதே கதை. கூப்பிட்டால் வந்துவிடுவார்கள்தான். ஆனால் காட்டிய சிவப்புக் கொடியை மடக்க மனம் வரவில்லை. கிறிஸ்மஸ் விருந்தையும் தனியாகத்தான் சாப்பிட வேண்டுமோ என்று பயமாகவும் இருந்தது.

ஒருநாள் பரமண்டல ஜெபத்தில், அப்பம் கேட்கும் வரி வந்ததும் சற்று நின்றார். பிறகு அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அடுப்படியில் சத்தம் அடங்கியது.

"என்னங்க," என்றாள் கிருபை, "அப்பம் கேக்காமயே போயிட்டீங்க."

"அப்பாவும் தடுக்கிட்டார்," என்றாள் லில்லி. "இங்க வரணும்."

"சட்டம்னா சட்டம்," என்று பாக்கியநாதன் எழுந்தார். தண்டனைக்குப் போகிறவர் அவ்வளவு வேகமாகப் போவதில்லை.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். முதுகுக்கு இதமாக இருந்தது. கிருபை ஒரு கிண்ணம் அவரையை முன்னால் தள்ளினாள். அவர் பிதுக்கிய முதல் பருப்பு அவர் மூக்கிலேயே பட்டது.

"சும்னே அழுத்தாதீங்கப்பா, நுனியைப் பிடிங்க," என்று கன்னடம் கலந்து சொன்னான் எலியேசர்.

ஐந்து பேரும் அங்கேயே சாப்பிட்டார்கள்.

மறுநாள் அவரே பாயைச் சுருட்டிவந்து அடுப்பருகில் விரித்தார். இனி ஜெபம் இங்கே. தடுக்கியவர் கூடத்துக்குப் போய்த் தனியாக உட்கார வேண்டும் என்றார். எலியேசர் சங்கீதத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். லில்லிக்குத் தூக்கமே வரவில்லை.

"எனக்குத்தான் இனிமே சாக்கு இல்லை," என்று கிருபை கரண்டியை வைத்துவிட்டு முழங்காலிட்டாள்.